முறை யாருடையது? கொச்சபம்பா பள்ளத்தாக்கின் மக்காச்சோளமும் தண்ணீரும்

பொலிவியாவின் கியாகொயோ ஊரை ஒட்டி கொட்டாபாச்சி என்றொரு மேடு இருக்கிறது. அதன் முதுகில் வட்டமான கல் அடித்தளங்கள் வரிசை பிடித்துக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 மீட்டர் அகலம். மொத்தம் சுமார் 2,400. இவை இன்கா அரசின் தானியக் குதிர்கள். கெச்சுவா மொழியில் கொல்கா என்பார்கள். மேட்டின் கீழே விரியும் வயல்களில் விளைந்த மக்காச்சோளம் இங்கே ஏறியது, இங்கிருந்து மலை கடந்து போனது. கீழே உழுதவர்கள் உண்பதற்காகக் கட்டியவை அல்ல இவை.

ஒரு குதிரின் அளவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3 மீட்டர் விட்டத்தில் 2 மீட்டர் உயரத்துக்குத் தானியம் கொட்டினால் 14 கன மீட்டர் வரும். உதிர்த்த மக்காச்சோளம் கன மீட்டருக்கு 700 கிலோவுக்குச் சற்று மேல் என்று வைத்தால், ஒரு குதிரில் 10 டன். சுமை விலங்கான லாமா ஒன்று 25 முதல் 30 கிலோ சுமக்கும். அதற்கு மேல் ஏற்றினால் படுத்துவிடும், எழுப்ப முடியாது. ஆக, ஒரே ஒரு தானியக் குதிர் காலியாகக் குறைந்தது 340 லாமாக்கள் வேண்டும். ஒரு பேரரசு இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து எதை எடுத்தது என்பதற்கு இந்தக் கணக்கைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்த ஆய்வு ஒரு கேள்வியைத் தொடர்கிறது. இவ்வளவு விளைந்த பூமி ஏன் ஐந்நூறு ஆண்டுகளாக வெளியே இருந்தவர்களின் வயிற்றையே முதலில் நிரப்பியது? உழுதவர்கள் கையில் கடைசியில் மிஞ்சியது என்ன? விடை மண்ணில் பாதி, தண்ணீரில் பாதி இருக்கிறது.

இடம்

கொச்சபம்பா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடக்கே துனாரி மலைத்தொடர் 5,000 மீட்டரைத் தாண்டுகிறது. பெயரைப் பிரித்தால் கொச்சா ஏரி, பம்பா சமவெளி. ஒன்றோடொன்று இணைந்த சில படுகைகளைத்தான் பொதுவாகப் பள்ளத்தாக்கு என்கிறோம்: கியாகொயோவும் சிப்பே சிப்பேயும் உள்ள கீழ்ப் பள்ளத்தாக்கு, நகரம் அமர்ந்த நடுப் பள்ளத்தாக்கு, சகாபா, கிளிசா–புனாட்டா–தராத்தா ஊர்கள் உள்ள மேல் பள்ளத்தாக்கு.

மேற்கே இரண்டு மூன்று நாள் ஏறினால் 3,700 மீட்டருக்கு மேலே உயர்சமவெளி. அங்கே உறைபனி. உருளைக்கிழங்கும் கினோவாவும் லாமாவும் உண்டு, மக்காச்சோளம் தேறாது. மக்காச்சோளம் இல்லாமல், அதை நொதிக்கவைத்துச் செய்யும் மதுவான சிச்சா இல்லை. சிச்சா இல்லாமல் படையும் இல்லை, திருவிழாவும் இல்லை, கூலிக்கு ஆளும் இல்லை. உயர்சமவெளியில் அதிகாரம் செய்த யாருக்கும் இந்தத் தாழ்நிலம் தேவைப்பட்டது இதனால்தான். ஒரே இனக்குழு வெவ்வேறு உயரங்களில் தன் ஆட்களைக் குடியமர்த்தி எல்லா விளைச்சலையும் பெறும் ஏற்பாட்டை மானுடவியலாளர் ஜான் முர்ரா 'செங்குத்துத் தீவுக்கூட்டம்' என்று விளக்கினார். கொச்சபம்பா அப்படிப்பட்ட பல குழுக்களின் தீவுகள் நெருங்கிக் கிடந்த இடம்.

மழை ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் அளவில்தான். அதிலும் பெரும்பகுதி டிசம்பர் முதல் மார்ச் வரை கொட்டித் தீர்ந்துவிடும். ஆகவே மண் வளமாக இருந்தாலும் மலையிலிருந்து இறங்கும் ஓடைநீர் இல்லாமல் உறுதியான விளைச்சல் கிடையாது. பாசனம் உள்ளவர் மழைக்குக் காத்திராமல் முன்பட்டம் போடலாம். இதற்கு மிஸ்கா விதைப்பு என்று பெயர். சந்தையில் வரத்து இல்லாத நேரத்தில் அறுவடை வரும், விலை நிற்கும். தண்ணீர் உரிமை உள்ள காணிக்கும் இல்லாத காணிக்கும் உள்ள வேறுபாடு இங்கே அவ்வளவு பெரியது.

இன்காவுக்கு முன்

டிட்டிகாக்கா ஏரிக்கரையின் திவனாகு நாகரிகத்தின் செல்வாக்கு கி.பி. 600 முதல் 1000 வரையிலான காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் பரவலாகத் தெரிகிறது. கியாகொயோ அருகே பின்யாமி மேட்டில் கிடைத்த மண்பாண்டங்களிலும், கேரு எனப்படும் அகன்ற வாய்க் குடிகுவளைகளிலும் அதைப் பார்க்கலாம். படையெடுத்து வந்த ஆட்சியா, வணிகமும் சடங்கும் வழி வந்த செல்வாக்கா என்பதில் அகழாய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. குவளைகள் சிச்சாவுக்கானவை என்பதில் மட்டும் சண்டையில்லை.

ஹுவைனா கபாக்கின் வயல்கள்

இன்கா பேரரசர் தூப்பா இன்கா 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பள்ளத்தாக்கைப் பிடித்தார். அதை ஒரு பெரும் அரசுப் பண்ணையாக மாற்றியவர் அவருடைய மகன் ஹுவைனா கபாக். இது எப்படி நடந்தது என்பது வேறெந்த இன்கா பண்ணையையும்விட நமக்கு நன்றாகத் தெரியும். காரணம், ஒரு வழக்கு. ஸ்பானியர் வந்த பிறகு 1556இல் நிலத்தைப் பற்றியும் ஆட்களைப் பற்றியும் எழுந்த வழக்கில், பழைய ஏற்பாட்டை அறிந்த உள்ளூர்த் தலைவர்கள் சாட்சி சொன்னார்கள். அந்த ஆவணங்களை வைத்து வரலாற்றாசிரியர் நாதன் வாக்டெல் பண்ணையின் அமைப்பை மீட்டெடுத்தார்.

ஏற்பாடு இப்படி. முதலில் பழங்குடிகளான கோத்தா, சூயி மக்களில் பெரும்பாலோரை அங்கிருந்து கிளப்பி, கிழக்கே பொக்கோனா, மிஸ்கே எல்லைப் பகுதிகளுக்கு அனுப்பினார்கள். கிழக்குத் தாழ்நிலத்துச் சிரிகுவானோ மக்களின் தாக்குதலைத் தடுக்கும் காவல் அவர்கள் தலையில் விழுந்தது. அந்த எல்லையில்தான் இன்கல்லாக்தா கோட்டை நிற்கிறது. அதன் ஒற்றைக் கூடம் சுமார் 78 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம். சிப்பே சிப்பேயின் சோரா மக்கள் மட்டும் இடத்தில் தங்கினார்கள். காலியான நிலத்துக்கு 14,000 உழவர்கள் வந்தார்கள் என்று சாட்சிகள் சொன்னார்கள். கரங்கா, கில்லாக்கா, சோரா, சர்க்கா, கொய்யா என்று பல இனத்தார். சிலர் நிரந்தரமாகக் குடியேற்றப்பட்ட மித்மாக்கள். மற்றவர்கள் விதைப்புக்கும் அறுப்புக்கும் முறை வைத்து மலையிலிருந்து இறங்கி வந்து திரும்புபவர்கள்.

அந்த முறைக்கு மித்தா என்று பெயர். 'என் முறை, உன் முறை' என்று நாம் சொல்லும் அதே முறைதான். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளத்தாக்கின் வரலாற்றில் இது மூன்று தடவை, மூன்று வேறு பொருளில் வருகிறது.

கீழ்ப் பள்ளத்தாக்கைப் பெரும் வயல்களாகப் பிரித்தார்கள். பொத்தோபொத்தோ, கொல்ச்சாகொயோ, அனோகரைரே, விலோமா போன்ற பெயர்கள் ஆவணத்தில் உள்ளன. ஒவ்வொரு வயலையும் சூயு எனப்படும் நீளப் பட்டைகளாக அறுத்து, இன்ன பட்டை இன்ன இனத்தாருக்கு என்று ஒதுக்கினார்கள். பட்டை முறைக்கு நடைமுறைக் காரணம் உண்டு. உழைப்பைத் தனித்தனியே எண்ண வேண்டியதில்லை. பட்டை முடிந்ததா என்று பார்த்தால் போதும். எவர் பின்தங்கினார் என்பது வரப்பில் நின்றாலே தெரியும். பெரும்பாலான பட்டைகளின் விளைச்சல் அரசுக்கு. சில பட்டைகள் உழவர்களின் சாப்பாட்டுக்கு, சில இனத்தலைவர்களுக்கு.

குதிர்களை மேட்டில் வைத்ததும் யோசித்துச் செய்ததுதான். தாழ்ந்த வயல் ஓரத்தில் வைத்தால் ஈரம் ஊறும், தானியம் புழுத்துப் பூசணம் பிடிக்கும். மேட்டில் காற்று தடையின்றி வரும், மழைநீர் சரிவில் ஓடிவிடும். ஒவ்வொன்றும் தனித்தனியாக, இடைவெளி விட்டு நிற்பதால் ஒன்றில் வண்டு விழுந்தாலும் தீப்பிடித்தாலும் அடுத்ததற்குத் தாவாது. ஒரே பெரிய களஞ்சியத்தைவிட 2,400 சிறிய குதிர்கள் பாதுகாப்பு. அங்கிருந்து லாமா அணிகள் உயர்சமவெளியின் பாரியாவுக்கு ஏறின. அங்கே இன்னொரு இன்கா நிர்வாக மையம். பிறகு இன்கா தலைநகர் குஸ்கோ வரை.

1532க்குப் பிறகு பேரரசு சரிந்ததும், மித்மாக்களில் பெரும் பகுதியினர் ஊர் திரும்பினார்கள். கட்டாயத்தால் நின்ற பண்ணை, கட்டாயம் போனதும் கலைந்தது.

வெள்ளிக்குத் தீனி

1538இல் ஸ்பானியர் பள்ளத்தாக்கைக் கைப்பற்றினார்கள். மேலே சொன்ன 1556 வழக்கின் சாரம் இதுதான்: பள்ளத்தாக்கிலேயே தங்கிவிட்ட குடியேறிகள் மலையிலுள்ள தங்கள் பழைய தலைவர்களுக்கு உரியவர்களா, இங்குள்ள ஸ்பானியப் பொறுப்பாளர்களுக்கு உரியவர்களா? வழக்கில் ஒரு தரப்பாக நின்றவர்களில் போலோ தெ ஒந்தெகார்தோவும் உண்டு. இன்கா நிர்வாகத்தைப் பற்றி நம்பகமாக எழுதிய சட்ட அறிஞர் அவர்; அதே நேரம் கொச்சபம்பா ஆட்களின் உழைப்பில் பங்கு பெற்றவர். அவருடைய எழுத்தைப் படிக்கும்போது இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

1545இல் பொட்டோசியில் வெள்ளி கிடைத்தது. மரம்கூட வளராத 4,000 மீட்டர் உயரத்தில் ஒரு பெருநகரம் எழுந்தது. அதற்குத் தீனி கீழிருந்துதான் போக வேண்டும். பள்ளத்தாக்கு மறுபடியும் வேறொருவரின் குதிரானது. மக்காச்சோளத்தோடு இப்போது கோதுமையும் சேர்ந்தது, ஓடைகளில் மாவு ஆலைகள் முளைத்தன. 1571 ஆகஸ்ட் 15இல் ஒரோபேசா என்ற பெயரில் நகரம் நிறுவப்பட்டது. 1574 ஜனவரி 1இல் மறுபடி நிறுவப்பட்டது. கொச்சபம்பா என்ற பெயர் அதிகாரப்பூர்வமாக வந்தது 1786இல்தான்.

வைசிராய் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ 1570களில் இரண்டு காரியம் செய்தார். சிதறிய கிராமங்களைத் திரட்டி சிப்பே சிப்பே, எல் பாசோ, திகிபாயா, கபினோத்தா, தபகாரி ஆகிய ஐந்து ஊர்களில் அடைத்தார். பொட்டோசிச் சுரங்கத்துக்குக் கட்டாய முறைவேலையை நிலைநாட்டினார்: 16 மாகாணங்களிலிருந்து வயதுவந்த ஆண்களில் ஏழில் ஒரு பங்கு, ஆண்டுக்குச் சுமார் 13,500 பேர். அதற்கும் மித்தா என்றே பெயர். வயலுக்கு இறங்கி வரும் முறையாக இருந்த சொல், சுரங்கத்துக்குள் இறக்கும் முறையாக மாறிற்று.

இது எங்கே உடைந்தது? தப்பி ஓடும் வழி இருந்த இடத்தில். பிறந்த ஊரில் பதிவாகியிருந்தால் வரியும் சுரங்கமும் உண்டு. வேற்றூரில் ஒதுங்கியவருக்குச் சுரங்கம் கிடையாது. மலையிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் பள்ளத்தாக்கின் பண்ணைகளில் ஒதுங்கினார்கள். கூலியாள் பஞ்சத்தில் இருந்த பண்ணையாரும் மறைத்து வைத்துக்கொண்டார். நூறாண்டில் பள்ளத்தாக்கில் வந்தேறிகளே பெரும்பான்மை ஆயினர். அடுத்த தலைமுறை கலப்பினம் என்று பதிந்துகொண்டது, ஏனென்றால் கலப்பினத்தவருக்குத் தலைவரி இல்லை. 1730இல் ஓர் அரசு ஆய்வாளர் வந்து இவர்களை மறுபடி பழங்குடிப் பட்டியலில் ஏற்ற முயன்றபோதுதான் நகரம் வெடித்தது. வெள்ளித் தட்டார் அலெஹோ கலத்தாயுத் தலைமையில் அந்த நவம்பரில் எழுந்த கிளர்ச்சி ஆய்வாளரை விரட்டியது. இரண்டு மாதத்தில் கலத்தாயுத் கொல்லப்பட்டார். வரிப் பதிவில் ஒரு சொல் மாறுவதற்காக இவ்வளவு இரத்தமா என்று கேட்பவர், அந்தச் சொல்லுக்குப் பின்னால் சுரங்க வாய் திறந்திருந்ததை மறந்துவிடக் கூடாது.

1810 செப்டம்பர் 14இல் நகரம் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக எழுந்தது. 1812 மே 27இல் ஸ்பானியத் தரப்புத் தளபதி கொயெனெச்சேயின் படை நெருங்கியபோது சான் செபாஸ்தியான் குன்றில் பெண்கள் நின்று போரிட்டு மடிந்தார்கள். பொலிவியாவில் அன்னையர் நாள் இன்றும் மே 27தான்.

ரயிலால் கொல்ல முடியாத பானம்

19ஆம் நூற்றாண்டில் பண்ணையார்கள் தளர்ந்தார்கள், சிறு விவசாயிகள் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தார்கள். இதில் சிச்சாவின் பங்கு பெரிது. அதைப் புரிந்துகொள்ளச் செய்முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மக்காச்சோளத்தை இரவெல்லாம் ஊறவைத்து, ஈரம் காயாமல் மூடி முளைகட்ட விடுவார்கள். முளை வந்ததும் வெயிலில் உலர்த்தி அரைத்தால் வின்யாபு மாவு. இன்னொரு வழி, மாவை வாயில் உமிழ்நீரோடு உருட்டி எடுத்துக் காயவைப்பது; இது முக்கோ. இரண்டிலும் நோக்கம் ஒன்றே, மாச்சத்தைச் சர்க்கரையாக்குவது. முளையில் உள்ள நொதியோ உமிழ்நீரில் உள்ள நொதியோ அந்த வேலையைச் செய்கிறது. மாவை அகன்ற வாய்ப் பானையில் சுடுநீரோடு கலக்குவார்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்தால் நொதி செத்துவிடும், இனிப்பு ஏறாது. ஆறிப்போனால் வேலை நடக்காது. தெளிய விட்டால் மூன்று அடுக்காகப் பிரியும்: மேலே உப்பி என்ற தெளிநீர், நடுவே மிஸ்கி கேத்தா என்ற கொழகொழப்பான இனிப்புக் கூழ், அடியில் ஹன்ச்சி என்ற சக்கை. கூழைத் தனியே காய்ச்சிச் சுண்டவைத்து, கொதித்து ஆறிய உப்பியோடு சேர்த்துப் பானையில் நொதிக்க விடுவார்கள். சில நாளில் பதம் வரும். பதம் தப்பினால் புளித்துக் காடியாகும்.

கெட்டுப்போகும் இந்தக் குணமே பள்ளத்தாக்கைக் காப்பாற்றியது. 1892இல் அந்தோஃபகாஸ்தா துறைமுகத்திலிருந்து உயர்சமவெளிச் சுரங்க நகரான ஒருரோவுக்கு ரயில் வந்ததும், வெளிநாட்டுக் கோதுமை மாவு சுரங்க நகரங்களில் மலிவாக இறங்கியது. கொச்சபம்பாப் பண்ணையாரின் கோதுமைச் சந்தை ஆட்டம் கண்டது. கொச்சபம்பாவுக்கே ரயில் வந்தது 1917இல். ஆனால் சிச்சாவைக் கப்பலில் கொண்டுவர முடியாது. மக்காச்சோளம் விளைத்த சிறு விவசாயி, முக்கோ உருட்டிய பெண்கள், சிச்சாக் கடை நடத்திய பெண்கள் ஆகியோரின் சங்கிலி நிலைத்தது. அந்தக் காசில் கடன்பட்ட பண்ணைகளிலிருந்து துண்டு துண்டாக நிலம் வாங்கியவர்களைப் பிக்கேரோ என்றார்கள். அரசும் நகராட்சியும் சிச்சாவுக்கு வரி போட்டு நகரப் பணிகளை நடத்தின. அதே நகரம் சுகாதாரம் என்று சொல்லிச் சிச்சாக் கடைகளை மையத்திலிருந்து துரத்தியது.

பண்ணைக்குள் இருந்தவர்களின் கதை வேறு. ஒரு துண்டு நிலம் உழுதுகொள்ள, பண்ணையாரின் வயலில் கூலியில்லாத வேலை, பொங்கோ என்ற பெயரில் வீட்டு ஊழியம், பெண்களுக்கு முக்கோ உருட்டும் கடமை. பண்ணையாரின் சிச்சாவுக்காகத் தன் வாயையே வாடகைக்கு விடவேண்டிய நிலை அது. இதைவிட இழிவான ஊழியத்தைச் சொல்வது கடினம்.

உக்குரேன்யா

பராகுவேயுடன் நடந்த 1932–35 சாக்கோ போரிலிருந்து திரும்பியவர்கள் பழையபடி குனியவில்லை. கிளிசாவில் சாந்தா கிளாரா மடத்தின் நிலத்தை இடைத்தரகர் இல்லாமல் தாங்களே குத்தகைக்கு எடுக்க 1936இல் உக்குரேன்யா உழவர்கள் சங்கம் வைத்தார்கள், பள்ளிக்கூடமும் நடத்தினார்கள். பக்கத்துப் பண்ணையார்கள் அந்த நிலத்தையே வாங்கிக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். சங்கம் சாகவில்லை. 1952 ஏப்ரல் புரட்சிக்குப் பிறகு, ஹோசே ரோஹாஸ் தலைமையில் அங்கிருந்து கிளம்பிய அலை பண்ணைகளைக் கைப்பற்றியது. 1953 ஆகஸ்ட் 2இல் அதிபர் விக்டர் பாஸ் எஸ்தென்சோரோ நிலச்சீர்திருத்த ஆணையில் கையெழுத்திட்டது தலைநகரில் அல்ல, உக்குரேன்யாவில்.

நிலம் உழுதவருக்கு வந்தது. ஆனால் ஏற்கெனவே சிறியதாக இருந்த துண்டுகள் பிள்ளைகளுக்குப் பிரியப் பிரிய, சில உழுசால் அளவுக்குச் சுருங்கின. லத்திஃபுந்தியோ என்றால் பெரும்பண்ணை. அதைத் திருப்பி, இதைச் சுர்கோஃபுந்தியோ, 'உழுசால் பண்ணை' என்றார்கள். சாப்பாரே தாழ்நிலத்தின் கோக்கா இலைத் தோட்டங்களுக்கும், பிறகு அர்ஜென்டினாவுக்கும் ஸ்பெயினுக்கும் ஆட்கள் போனதற்கு இது முதன்மைக் காரணம்.

மூன்றாவது மித்தா

நிலத்தோடு பண்ணையின் தண்ணீர் முறைகளும் உழவர்களிடம் வந்தன. ஓடைநீரை வாய்க்கால் வழி, இன்ன ஊருக்கு இத்தனை மணி நேரம் என்று விடும் முறைக்குப் பெயர் மித்தா. திகிபாயாவில் ஒரு பழைய முறைக்கு மாச்சு மித்தா, அதாவது 'மூத்த முறை' என்றே பெயர். ஊர் தேர்ந்தெடுக்கும் தண்ணீர் நீதிபதி மடையைத் திறந்து மூடுகிறார். ஆண்டுக்கொரு முறை வாய்க்கால் தூர்வார வராதவர் அபராதம் கட்ட வேண்டும்; கட்டாவிட்டால் முறை போகும். கெடுவதும் பழகிய வழியில்தான்: தலைமடைக்காரர் இரவில் உடைப்பார், மண் வாய்க்கால் குடித்துவிடும், கடைமடைக்குச் சேறுதான் வரும்.

முதல் மழையின் வண்டல் வெள்ளத்தை வயலில் பாய்ச்சித் தேக்கும் லமேயோ என்ற வழக்கமும் மேல் பள்ளத்தாக்கில் உண்டு. அதுவே உரம். மேலே அணை கட்டினால் வண்டல் அணையிலேயே படிந்து கொள்ளளவைத் தின்னும். கீழே வரும் தெளிந்த நீரில் சத்து இருக்காது. 1940களில் கட்டிய அங்கோஸ்துரா அணையும் தூர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

நகரம் பெருத்தபோது செமாபா என்ற நகராட்சிக் குடிநீர் நிறுவனம் கீழ்ப் பள்ளத்தாக்கில் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டியது. தங்கள் ஊற்றும் கிணறும் வற்றும் என்று விவசாயிகள் மறித்தார்கள். 'கிணற்றுப் போர்' என்று பெயர் பெற்ற 1990களின் இந்த மோதல்களில்தான் பாசனக்காரர்களின் சங்கம் உரம் பெற்றது.

1999 செப்டம்பரில் அரசு நகரின் தண்ணீரை 40 ஆண்டுக்கு அகுவாஸ் தெல் துனாரி என்ற கூட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தது. அதில் அமெரிக்காவின் பெக்டெல் பின்னணியில் இருந்த நிறுவனம் முதன்மைப் பங்காளி. அக்டோபரில் வந்த 2029ஆம் எண் சட்டம் உரிமம் பெற்றவருக்கு அந்தப் பகுதியில் தனியுரிமை தந்தது. கைக்காசு போட்டுத் தோண்டிய ஊர்க் கிணறும், பழைய வாய்க்கால் முறையும் இனி யாருடையவை என்ற கேள்வி எழுந்தது. 2000 ஜனவரியில் கட்டண உயர்வு வந்தது. சராசரி 35 சதவீதம் என்றது நிறுவனம். பலருக்கு அதைவிடப் பன்மடங்கு.

கட்டண உயர்வே காரணம் என்று பொதுவாக எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. குழாயே இல்லாத பாசன விவசாயிக்குக் கட்டணச் சீட்டு வருவதில்லை. அவர் சாலையை மறித்தது தன் முறைக்காக. ஆலைத் தொழிலாளர் தலைவர் ஓஸ்கார் ஒலிவேராவும் பாசனக்காரர் தலைவர் ஓமர் ஃபெர்னாந்தேஸும் ஒரே மேடையில் நின்றதால்தான் 'தண்ணீர், வாழ்வு காப்புக் கூட்டமைப்பு' நகரத்தையும் கிராமத்தையும் சேர்த்து நிறுத்த முடிந்தது. ஏப்ரல் 8இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அன்று 17 வயது விக்டர் உகோ தாசா சுட்டுக் கொல்லப்பட்டார். 10ஆம் தேதி உடன்பாடு, 11ஆம் தேதி 2066ஆம் எண் சட்டம். ஊர் வழக்கங்களுக்கும் பாசனமுறைகளுக்கும் அதில் இடம் கிடைத்தது. நிறுவனம் பன்னாட்டு நடுவர் மன்றத்தில் தொடுத்த வழக்கை, 2006 ஜனவரியில் இரண்டு பொலிவியானோ என்ற அடையாளத் தொகைக்கு முடித்துக்கொண்டது.

குழாய் தெற்குக்குப் போகவில்லை. செமாபா மறுபடி பொது நிறுவனமானது, ஆனால் நகரின் தெற்குப் புறம் நெடுங்காலம் லாரித் தண்ணீரையும் ஊர்க்குழுக் கிணறுகளையுமே நம்பிக் கிடந்தது. 200 லிட்டர் பீப்பாய்க்கு அங்கே கொடுத்த விலை, குழாய் உள்ளவர் கொடுத்ததைவிடப் பல மடங்கு. அரை நூற்றாண்டாகப் பேசப்பட்ட மிசிகுனித் திட்டம் 2017இல் சுமார் 120 மீட்டர் உயர அணையாக நின்றது. துனாரி மலையைக் குடைந்த 19 கிலோமீட்டர் சுரங்கவழி தண்ணீர் பள்ளத்தாக்குக்கு இறங்குகிறது. அதில் குடிநீருக்கு எவ்வளவு, கீழ்ப் பள்ளத்தாக்கு வயல்களுக்கு எவ்வளவு, மலைக்கு அந்தப் பக்கம் தண்ணீரை விட்டுக்கொடுத்த ஊர்களுக்கு என்ன என்று இப்போது பேசவேண்டியிருக்கிறது. இன்னொரு முறைப் பட்டியல் எழுத வேண்டும்.